கத்தி இருக்கிறதா என்று கேட்டார்கள்

அதற்குத்தான் வருகிறேன், ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: அது வெறும் வெங்காயம் நறுக்குகிற கத்தி. பிடிகூடக் கொஞ்சம் ஆடும்.

அண்ணனுக்கு மனநோய் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மாத்திரை போட்டால் நாள் முழுக்கத் தூங்குவான். போடாவிட்டால் சுவருக்குள்ளிருந்து யாரோ அவனோடு பேசுவார்கள். இந்த முறை பதினோரு நாள் போடவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தான், அம்மாவைக் குளியலறையில் வைத்துப் பூட்டினான். போலீஸுக்கு ஆறு தடவை போன் செய்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், அவனாக வர வேண்டும், இல்லையென்றால் போலீஸ் கொண்டுவர வேண்டும் என்றார்கள். ஆறாவது தடவை ஒருவர், பேசாமல் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடு என்று கிண்டல் செய்தார்.

ஏழாவது தடவை நான் கூப்பிட்டபோது காலை பத்து மணி. அண்ணன் எங்கள் சலவைக்கடை வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். போனை எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினார்.

"ஆயுதம் ஏதாவது வச்சிருக்காராப்பா? இல்லேன்னா நாங்க துரத்த மாட்டோம். துரத்தினா இன்னும் வேகமாத்தான் ஓட்டுவாங்க."

கத்தி என் முன்னால் பலகையில் கிடந்தது, பாதி வெங்காயத்தோடு.

"வச்சிருக்கான் மேடம். கத்தி."

ஐந்து நிமிஷத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். வேன் கடைத்தெருப் பக்கம் போகிறது, கூட்டம் அதிகம், இப்போதுகூடத் துரத்துவதை நிறுத்தச் சொல்லலாம் என்றார்.

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

விட்டுவிட்டால் சாயங்காலம் அவன் எங்கே வருவான்? எங்கள் வீட்டுக்குத்தானே.

கடைத்தெரு முனையில் செருப்புத் தைக்கிறவர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வேன் வந்த வேகத்தில் எழுந்திருக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

வேனில் கத்தி இல்லையே என்று போலீஸ் வந்து கேட்டது. அதனால் பலகையில் கிடந்ததைக் கழுவித் துடைத்து, வாசலில் கிடந்தது, ஏறும்போது விழுந்திருக்கும் என்று கொடுத்தேன். அம்மா மதியம் முழுக்க அதைத் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

ஸ்டேஷனில் அண்ணனைப் பார்க்க விட்டார்கள். எது நிஜம் என்று சந்தேகம் வந்தால் தம்பியைக் கேள் என்று டாக்டர் அவனைப் பழக்கியிருந்தார். அப்படித்தான் கேட்டான், தணிந்த குரலில்.

"டேய், எங்கிட்ட கத்தி இருந்துச்சாடா?"

"இருந்துச்சுண்ணா."

"அப்ப சரிடா. நீ சொன்னா இருந்திருக்கும்."

கத்தி வைத்திருந்ததாக எழுதிப் போலீஸ் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

இப்போது பூட்டிய வார்டில் வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறார்கள். அம்மா நன்றாகத் தூங்குகிறாள். செருப்புத் தைத்தவர் வீட்டுக்கு மட்டும் நான் இன்னும் போகவில்லை. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கடைசியில் அண்ணனைக் காப்பாற்றியது நான் ஒருவன்தானே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?