எண்ணெயைக் கழுவ வேண்டாம்

— ஆடாம நில்லுடா. ஊத்துற எண்ணெயெல்லாம் தரையில ஒழுகுது.

— குளிருதுக்கா.

— தை மாசம் சட்டையில்லாம நின்னா குளிராம? முதுவக் காட்டு… எம்மாம் பெரிய முதுவு! நம்ம அம்மா பெத்ததுதானா இது?

— சிரிக்காத. சிரிச்சா ஒன் கை ஆடுது, எண்ணெய் திட்டுத்திட்டா நிக்கும். மேடை லைட்டுல அசிங்கமாத் தெரியும்.

— மாட்டுப் பொங்கலுக்கு மாட்டக்கூட நான் இப்படித் தேச்சதில்ல.

— பாத்துக்கா, பெஞ்சுல சிந்தாத. பள்ளிக்கூடத்து பெஞ்சு. லீவு முடிஞ்சு புள்ளைங்க வந்து உக்காரணும்.

— அது சரி… இந்த ஜட்டியோடவா மேடையில நிக்கப்போற?

— ஆமா.

— இத்துனூண்டு இருக்கு! முன்னாடி பொம்பளைங்க உக்காந்திருப்பாங்களேடா?

— பொம்பளைங்க யாரும் வரமாட்டாங்க. நீதான் வந்திருக்க. என்னக்கா திடீர்னு? நாலு வருஷமா தஞ்சாவூர்ல மேடை ஏறுறேன். ஆணழகன் போட்டின்னா என்னன்னுகூட நீ கேட்டதில்ல.

— தம்பியப் பாக்கணும்னு தோணுச்சு. திருவாரூர்ல பஸ் ஏறிட்டேன். வரக்கூடாதா?

— வரலாம். எனக்கும் நல்லதாப் போச்சு. எப்பவும் எங்க ஜிம்மு நாகநாதன்தான் எண்ணெய் தேச்சு விடுவான். இன்னிக்கு ஆளக் காணும்… ஆனா ஊர்ல இவ்வளவு தகராறு நடக்கறப்ப மச்சான் எப்படி விட்டுது ஒன்ன?

— அதுதான் போயிட்டு வான்னுச்சு.

— மச்சானா? என்னப் பத்திப் பேசுனாலே எந்திரிச்சுப் போற ஆளு.

— மனசு மாறாதா… கைய நீட்டு.

— ஒன் உள்ளங்கை என்னக்கா இப்படிச் சொரசொரன்னு இருக்கு?

— அருவா புடிச்ச கை. வேலைக்குப் போயி மாசம் ஆவப்போவுது, இன்னும் மெத்துன்னு ஆவல.

— இன்னும் முடியலையா அந்தப் பேச்சு?

— எங்க முடியும்? கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டோம். பண்ணை மாட்டேன்னுட்டாங்க. கலெக்டரப் பாருங்கறாங்க, மந்திரியப் பாருங்கறாங்க. ஆட்சி மாறுனா எல்லாம் மாறும்னு ஓட்டுப் போட்டோம். மாறுச்சு. பண்ணை வீட்டு வாசல்ல அதே காருதான் நிக்குது, கொடி மட்டும் வேற… ஒதடு ஏன் வெடிச்சிருக்கு? தூக்குச்சட்டியில கஞ்சி இருக்கு. நார்த்தங்கா ஊறுகா வச்சிருக்கேன். ரெண்டு வாய் குடி.

— ஐயோ, ஊறுகாயா? மூடு, மூடு. வாசனை காட்டாத. உப்ப விட்டு எத்தினி நாளாச்சு. முந்தாநாள்லேர்ந்து தண்ணியும் கெடையாது. நாக்க நனைச்சுத் துப்புறதோட சரி.

— பைத்தியமாடா ஒனக்கு?

— தண்ணி குடிச்சா தோலுக்கும் சதைக்கும் நடுவுல போயி நின்னுக்கும். மொழமொழன்னு ஆயிடும். ஒடம்பு வத்தினாத்தான் வரிவரியாப் பிரிஞ்சு தெரியும்.

— கோடையில வெண்ணாறு வத்தினா மணல்ல வரி தெரியுமே, அது மாதிரியா?

— அதேதான்! வயித்தப் பாரு. தெரியுதா?

— தெரியுது… ஆத்துல அந்த வரி தெரிஞ்சா எங்களுக்கு வேலை இல்ல, கூலி இல்ல. நீ அதக் காட்டிக் கப்பு கேக்குற.

— இரு, ஒரு தடவ நின்னு காட்டறேன். முழுக்க எண்ணெய் பட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு… இப்படி… மூச்ச அடக்கி…

— ஏன் பல்லக் கடிக்கிற? வலிக்குதா?

— பேச… வைக்காத.

— கொக்கு வெரட்ட வயல்ல நட்டு வைக்கிற பொம்மை மாதிரி நிக்கிற.

— போக்கா! மூச்சு போச்சு. இப்படி நிக்கறதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். சிரிச்ச மொகமா வேற நிக்கணும்.

— ஒக்காருடா கொஞ்சம்.

— ஒக்காந்தா தொடையில கோடு விழும்.

— நல்ல பொழப்பு… ஆமா, பக்கத்து ரூமுல ஒருத்தன் தொப்பையும் தானுமா கெடக்கானே, அவனும் ஆணழகனா?

— அவனா! அவன் முருகையன். பளு தூக்குறவன். அவங்க போட்டி காலையிலயே முடிஞ்சுது. ரெண்டு ஆளு கனம் இருக்கும்க்கா, தலைக்கு மேல ஏத்தி அசையாம நிறுத்துனான். இப்ப புரோட்டா திங்கிறான்.

— அவனுக்குத் தண்ணி உண்டா?

— சோடா, கலரு எல்லாம் உண்டு. அவனுக்குத் தூக்குனாப் போதும். இரும்பு மேல போச்சா இல்லையான்னுதான் பாப்பாங்க. தூக்குறவன் தொப்பைய யாரு பாக்கறா?

— ஒனக்கு?

— என்னை யாரும் ஒண்ணையும் தூக்கச் சொல்லமாட்டாங்க. பாக்கத்தான் செய்வாங்க. நாங்களும் தெனம் இரும்பு தூக்குறோம், ஆனா அவன் தூக்குறதுல பாதி இருக்காது. மெதுவாத் தூக்கி மெதுவா எறக்கணும். ஒரு சதைய மட்டும் தனியாப் பிரிச்சு வேலை வாங்கணும். பக்கத்துச் சதை ஒத்தாசைக்கு வந்துடக்கூடாது.

— வந்தா என்ன?

— இது வளராது. மாஸ்டர் திட்டுவாரு.

— எங்களுக்கு எல்லாம் சேந்து வந்தாத்தான் வேலை நடக்கும். ஒன் மச்சான் ஓணானாட்டம் இருக்கு. நெல்லு மூட்டைய முதுவுல போட்டுகிட்டு வரப்புல ஓடுது. எந்தச் சதை தூக்குதுன்னு அதுக்கே தெரியாது.

— மச்சானோடது வேற. அது பாக்கறதுக்கு இல்ல.

— ஆமா. யாரும் பாக்கறதில்ல… முட்டை, பாலுன்னு இவ்வளவு செலவாவுமே. யாருடா வாங்கித் தர்றா?

— ஜிம்முல தருவாங்க.

— ஜிம்முக்கு யாரு தர்றா?

— அதெல்லாம் பெரிய மனுசங்க நாலு பேரு… மில்லுல நான் வேலை செஞ்சப்ப ஒருத்தரு பாத்துட்டு இங்க சேத்துவிட்டாரு. அவர ஒனக்குத் தெரியாது.

— சரி… சின்னதுல ஒன் காலு ரெண்டும் நண்டு காலு மாதிரி இருக்கும். தேரமாட்டான்னுதான் ஊரே சொல்லுச்சு. இப்பப் பாரு… இந்தக் கையால ஒரு மூட்டையத் தூக்குவியா, தம்பி?

— நல்லா இருக்கறப்ப தூக்குவேன்.

— இப்ப?

— இப்பவா? கிண்டலா பண்ற? காலையில இந்தப் பள்ளிக்கூடத்துப் படி ஏறுனேன், கண்ண இருட்டிகிட்டு வந்துச்சு. செவத்தப் புடிச்சுகிட்டு நின்னேன். இதுல வேடிக்கையே அதுதான்க்கா. மேடை ஏறுற அன்னிக்குத்தான் பாக்க மலை மாதிரி இருப்போம். அன்னிக்குத்தான் சின்னப்புள்ள தள்ளுனாக்கூட விழுந்துடுவோம்.

— நாளைக்கு?

— நாளைக்கு என்ன?

— நாளைக்குத் தெம்பு வந்துடுமான்னு கேட்டேன்.

— எங்க வரும்? ஒடம்பு திரும்ப ரெண்டு மூணு நாளு ஆவும். ஏன் கேக்கற?

— சும்மாத்தான். கையத் தூக்கு, அக்குள்ல விட்டுப்போச்சு.

— ஊர்ல பயிரெல்லாம் எப்படிக்கா இருக்கு?

— சம்பா முத்திச் சாஞ்சு கெடக்கு. இன்னும் விட்டா கொட்டிடும். நாளைக்குக் காலையில பண்ணையோட வடக்குவெளி வயல அறுக்கப் போறாங்க.

— வெளியூர் ஆள எறக்கியா.

— நான் அதச் சொல்லலையே. யாரு சொன்னா ஒனக்கு?

— கடைத்தெருவுல பேசிகிட்டாங்க.

— தஞ்சாவூர் கடைத்தெருவுல. நம்ம வடக்குவெளியப் பத்தி.

— பேசமாட்டாங்களா? பேப்பர்லயே வருது… மச்சான் போவுதா அங்க?

— போவாம? வெளியாள வயல்ல எறங்கவிடக் கூடாதுன்னு எங்க கூலிக்காரங்க சங்கத்துல முடிவு. ஒன் மச்சான்தான் முன்னால நிக்குது.

— போவ வேணாம்னு சொல்லு.

— ஏன்?

— சொல்லுன்னா சொல்லேன். வயித்துவலின்னு படுத்துக்கச் சொல்லு. ஒரு நாளுதானே.

— வருஷம் பூரா அந்த ஒரு நாளுக்குத்தான்டா சேத்துல கெடக்கறோம்… ஏன் நடுங்குற?

— தண்ணி இல்லல்ல. அதான்.

— தங்கையா! கால்ல பூசியாச்சா? அடுத்து ஒங்க செட்டுதான்.

— ஆச்சு மாஸ்டர்.

— எங்க, நெஞ்ச நிமித்து… மாஷா அல்லாஹ்! இந்த காதர் மைதீன் சிங்கப்பூர்லேர்ந்து கூத்தாநல்லூருக்கு இரும்பச் சொமந்துகிட்டு வந்தப்ப எங்க வாப்பா தலையில அடிச்சுகிட்டாரு. இப்ப வந்து பாக்கச் சொல்லணும்… அப்புறம், சின்னவரு காரு கேட்டுக்கே வந்துடுச்சு. மேடையவிட்டு எறங்குன ஒடனே ஏறிடு. எண்ணெயக் கழுவ வேணாம்னாரு. நாளைக்குக் காலை வெயில்ல வரப்புல நின்னா அப்படியே பளபளன்னு…

— மாஸ்டர்.

— என்னப்பா?

— இது எங்க அக்கா, அம்சவல்லி. ஊர்லேர்ந்து வந்திருக்கு.

— ஓ… வாங்கம்மா. சாப்பிட்டீங்களா?… சரி, நான் மேடைப் பக்கம் இருக்கேன். சீக்கிரம் வா, தங்கையா.

— அக்கா, தோள்பட்டை பாக்கி. ஏன் கைய எடுத்துட்ட?

— எந்தச் சின்னவரு? நம்ம பண்ணைச் சின்னவரா?

— அவருதான் ஜிம்முக்கே எல்லாம். நாலு வருஷமா அவரு போட்ட சோறுதான் இந்த ஒடம்பு. இன்னிக்குக் கப்பு வாங்கிட்டா மந்திரிகிட்டச் சொல்லி ரயில்வேயில சேத்து விடறேன்னிருக்காரு.

— எண்ணெயக் கழுவாம எங்கடா போற?

— நிக்கத்தான்க்கா.

— எங்க?

— வடக்குவெளி வரப்புல… சும்மா நிக்கணும், அவ்வளவுதான். சட்டையக் கழட்டிட்டு, கையக் கட்டிகிட்டு. ஒருத்தரையும் தொடமாட்டேன். சத்தியமாத் தொடமாட்டேன். என்னப் பாத்தாலே எல்லாரும் ஒதுங்கிடுவாங்க. அடிதடி இல்லாம முடிஞ்சுடும். நல்லதுதானே?… சொல்லுக்கா, நல்லதுதானே?

— நம்ம அப்பாவும் அந்தப் பண்ணையில சட்டையில்லாமத்தான் நின்னுச்சு. துண்ட இடுப்புல கட்டிகிட்டு.

— அது வேற!

— எது வேற?

— அப்பா கூனிகிட்டு நின்னுது. நான் அப்படியா நிக்கறேன்? மேடையில ஏறுனா ஒருத்தனும் நீ எந்தத் தெருன்னு கேக்கறதில்ல. ஒடம்ப மட்டும் பாக்கறான். பாத்துக் கை தட்டறான். அந்த அஞ்சு நிமிஷம்… ஒனக்குப் புரியாது.

— புரியுது. ஆனா வடக்குவெளி வரப்புல நின்னா நீ எந்தத் தெருன்னு அங்க இருக்கற அத்தன பேருக்கும் தெரியும்டா. போவாத, தம்பி.

— காரு நிக்குதுக்கா.

— நிக்கட்டும். பின்பக்கமா வா. நாம பஸ்ஸுல போயிடலாம்.

— போயி? நம்ம தெருவுலயா இருக்கச் சொல்ற? அப்புறம் கப்பு ஏது, வேலை ஏது? இந்த ஒடம்ப வச்சுகிட்டு நான் அங்க என்ன செய்யிறது? கருது அறுக்கவா?

— அறுக்கலாம். எல்லாரும் அறுக்கறாங்க.

— மூணு வேளை கஞ்சியில இது ஒரு மாசம் நிக்குமா? கரைஞ்சு போயிடும்க்கா. நாலு வருஷம்… ஒண்ணுமில்லாமக் கரைஞ்சு போயிடும்… மைக்ல கூப்புடறாங்க. நான் போவணும்.

— இரு. தோள்பட்டை பாக்கின்ன… திரும்பு… ம். ஆச்சு.

— அக்கா, ஒண்ணே ஒண்ணு. எனக்குத் தெம்பில்லன்னு நான் சொன்னத ஊர்ல யாருகிட்டயும் சொல்லிடாத. தங்கையன் பலசாலின்னே அவங்க நெனைக்கட்டும். பயந்தாங்கன்னா கிட்ட வரமாட்டாங்க. எனக்கும் ஒண்ணும் ஆவாது, மச்சானுக்கும் ஒண்ணும் ஆவாது.

— நீ வரப்புல நிக்கப்போறேன்னு எங்களுக்கு முந்தாநாளே தெரியும்டா. பண்ணை வண்டிக்காரன் சொல்லிட்டான். தங்கையன் நெசமாவே பலசாலியா, இல்ல பாக்கத்தான் அப்படி இருக்கானான்னு கேட்டுட்டு வரச்சொல்லித்தான் சங்கத்துல என்ன அனுப்புனாங்க. ஒன் மச்சான்தான் பஸ் ஏத்தி விட்டுது… வெறும் ஒடம்புதான்னு சொன்னா நாளைக்குக் கம்போட வருவாங்க. பலசாலின்னு சொன்னா அருவாளோட வருவாங்க. நான் போயி என்னன்னு சொல்லட்டும், நீயே சொல்லு.