இப்போது எந்த மூட்டை?

அடிவாரத்தில் பஸ் ஏறிய இரண்டு கபடி ஆட்டக்காரர்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“உன் முதுகே உன்னைக் காட்டிக் கொடுத்துப்போடுச்சு, மாப்ள.”

“ஏனப்பா?”

“வெயிட் தூக்கறப்ப முந்தியெல்லாம் கடைசி வரைக்கும் நேரா நிப்பே. இப்ப மொதத் தடவையே முதுகு வளையுது. எங்கியோ ஆடிக் களைச்சுப்போட்டுத்தான் நம்மகிட்ட வர்றே. ஞாயித்துக்கெழம நம்மள எதுத்து ஆடற சேலத்து டீமுக்குப் போறியா?”

“அட, இல்லப்பா. எஸ்டேட்டுல காப்பி மூட்டை தூக்கறேன். நொம்ப அலுப்பு.”

“காப்பி மூட்டையா? இப்பவா?”

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. தோட்டம் முழுக்கக் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. இனிமேல்தான் காய்க்க வேண்டும்.

கேட்டவன் ஜன்னலை ஏற்றிவிட்டான். பூவாசம் உள்ளே வந்தது.

மூட்டை தூக்கியவன் மட்டும் வெளியே பார்க்கவேயில்லை.