தே தாரிக் நிறத்தில் ஒரு கடற்படை விமானம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்பு அண்ணன் தேவன் அவர்களே! "அஞ்சே நிமிஷம்தான் உஷா, இழுக்காதே லா" என்று மேடையேறும்போதே என் காதில் ஓதிய அதே தேவன் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் மூக்குக் கண்ணாடியும் பூதக் கண்ணாடியுமாக வீற்றிருக்கும் நம் கழகத்தின் நிரந்தர நடுவர், பெருமதிப்பிற்குரிய சிவசாமி ஐயா அவர்களே! ரெம்பியாவிலிருந்து பஸ் பிடித்தும் நியாலாஸிலிருந்து வேன் பிடித்தும் வந்து குழுமியிருக்கும் சான்றோர்களே! பசியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பின்கதவோரம் கரண்டியும் கையுமாக நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பவானேஸ்வரி அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும், இதே புக்கிட் பெருவாங்கில் கார் பெயிண்ட் கடையில் பெயிண்ட் கலக்கும் இந்த உஷாராணியின் சிரந்தாழ்ந்த வணக்கம்.

மலாக்கா மாதிரி விமானக் கழகத்தின் பன்னிரண்டாம் ஆண்டுக் கண்காட்சியில் என்னை நன்றியுரை ஆற்ற அழைத்திருக்கிறார்கள். நன்றியுரை என்றால் என்ன, அன்பர்களே? வரவேற்புரையின்போது பாதிப் பேர் இன்னும் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். வாழ்த்துரையை வாழ்த்துகிறவரைத் தவிர வேறு யாரும் கேட்பதில்லை. நன்றியுரையை மட்டும் மண்டபமே மூச்சடக்கிக் கேட்கும். ஏன்? அது முடிந்தால்தான் சாப்பாட்டு மேசையில் மீகூன் தட்டின் மூடி திறக்கும்! நம்மவர்கள் கூடும் எந்தக் கூட்டத்திலும் மாறாத சட்டம் இது. ஆகவே இந்தக் கணத்தில் இந்த மண்டபத்தில் அதிகாரம் மிக்கவர் யார்? தலைவரா? நடுவரா? இல்லை, ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் நான்!

அண்ணே, கடிகாரத்தைக் காட்டாதீர்கள், பார்த்துவிட்டேன்.

அந்த அதிகாரத்தை இன்று கொஞ்சம் தவறாகப் பயன்படுத்தப் போகிறேன். காலையில் ஒரு விமானம் இந்த மண்டபத்துக்குள் வந்தது. ஆனால் கண்காட்சி மேசைக்கு வரவில்லை. அது மேசைக்கு வரும்வரை என் நன்றி முடியாது. மூடி திறக்காது. பவானேஸ்வரி அக்கா, நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், கால் வலிக்கும்.

யாருடைய விமானம் அது? நியாலாஸில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறாரே, நம் உறுப்பினர் தம்பி லியோனல், அவருடையது. அதோ கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். தம்பி, தலையை நிமிர்த்துங்கள், திட்டப் போவது உங்களை இல்லை.

நம் கழகத்தைப் பற்றித் தெரியாத விருந்தினர்களுக்கு ஒரு சொல். பிளாஸ்டிக் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, உலகப் போர்க் காலத்து விமானங்களை உள்ளங்கை அளவில் செய்து, பெயிண்ட் அடித்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கும் கூட்டம் நாம். வீட்டில் கேட்டால் வேலையற்ற வேலை என்பார்கள். இருக்கட்டும்! வேலையுள்ளவர்கள் எல்லாரும் என்ன சாதித்துவிட்டார்கள்?

அந்தக் காலத்துக் கடற்படை விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மேல்பக்கம் கடலின் நிறம், கீழ்ப்பக்கம் வானத்தின் நிறம். மேலே பறக்கும் எதிரி குனிந்து பார்த்தால் கடல்தான் தெரிய வேண்டும். கீழே கப்பலில் நிற்கும் எதிரி அண்ணாந்து பார்த்தால் வானம்தான் தெரிய வேண்டும். சரி. ஆனால் எந்தக் கடல்? எந்த வானம்? இந்தக் கேள்வியைத்தான் லியோனல் மூன்று மாதத்துக்கு முன் என் கடைக்கு வந்து கேட்டார்.

"அக்கா, நம்ம கடலு எங்கக்கா நீலமா இருக்கு? கிளேபாங் பக்கம் போய்ப் பாருங்க லா. ஆத்தின பால் டீ, நம்ம தே தாரிக் மாதிரிதானே இருக்கு! அதுக்கு மேல நீலப் பிளேன் பறந்தா எதிரிக்காரன் ஈஸியா பாத்துருவான்."

"அதுக்கு என்னப்பா செய்யச் சொல்றே?" என்றேன்.

"நம்ம தண்ணிக்குன்னு அப்ப ஒரு கடற்படை இருந்திருந்தா, பிளேனு என்ன கலர்ல இருந்திருக்கும்? அந்தக் கலரைக் கலக்கிக் குடுங்கக்கா."

பாருங்கள், பெரியோர்களே! போர்க் காலத்தில் நம் தலைக்கு மேலே பறந்த விமானம் ஒன்றாவது நம்மைக் கேட்டுப் பறந்ததா? ஒருவன் அடித்த நிறத்தில் வந்தான், இன்னொருவன் அடித்த நிறத்தில் போனான். ரப்பர் பால்மரத் தோட்டத்தில் நம்மவர்கள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. எண்பது வருடம் கழித்து ஒரு லாரிக்காரர் கேட்கிறார், எங்கள் கடலுக்கு என்ன நிறம் என்று. கேட்கக் கூடாதா? கேட்டால் குற்றமா?

ஏழு முறை கலக்கினேன். லியோனல் கிளேபாங்கில் இருந்து ஒரு போத்தல் கடல் தண்ணீரே கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். மேல்பக்கம் அந்தக் கலங்கல் பழுப்பு, நடுவில் அலையாத்திக் காட்டுப் பச்சையில் வளைந்த பட்டைகள், அடிப்பக்கம் மழைக்கு முந்திய மேகத்தின் வெள்ளை. கண் பட்டுவிடும் போல இருந்தது.

இன்று காலை அதை மேசையில் வைத்தார். சிவசாமி ஐயா வந்தார். பூதக் கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை.

"தம்பி, கைவேல நல்லாருக்கு. ஆனா இந்தக் கலர்ல உலகத்துல ஒரு பிளேனும் பறக்கல. பறக்காததை மேசையில வைக்க முடியாது. சரித்திரம்னா சரித்திரம் லா."

தலைவர் என்ன செய்தார்? ஐயாவையும் பகைக்க முடியாது, தம்பியையும் நோகடிக்க முடியாது. நைசாகத் தூக்கிச் சமையல் கட்டில், சம்பால் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அண்ணே, நான் பார்த்தேன்.

அதோடு நின்றிருந்தால் நானும் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். ஆனால் பத்து மணிக்கு ஒரு வேன் வந்தது. லியோனலின் தாயார் மோனிக்கா அம்மா, அவரோடு உற்றார் உறவினர் பதிமூன்று பேர். நல்ல புடவை கட்டி, நல்ல சட்டை போட்டு, விமானம் பார்க்க வந்தவர்கள். அம்மா மேசையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். "எங்கய்யா உன் பிளேனு?" என்றார். லியோனல் சொன்னார்: "உள்ள வச்சிருக்காங்கம்மா. ஸ்பெஷலாம். அப்புறமா காட்டுவாங்க."

அன்பர்களே, அந்தப் பொய்யை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தன் மானத்தைக் காப்பாற்ற மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. கழகத்தின் மானத்தையும் சேர்த்துத்தான் காப்பாற்றினார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், இனி உங்களுக்கும் தெரியும்.

வாருங்கள், சரித்திரத்துக்கே போவோம். அதோ இடப்பக்கச் சுவரோரம் கண்ணாடிப் பெட்டியில் கடந்த பதினோரு ஆண்டுகளின் முதல் பரிசு விமானங்கள். பதினொன்றும் கடற்படைச் சாம்பல். பதினொன்றும் சிவசாமி ஐயாவின் வண்ண அட்டையைப் பார்த்து, என் கையால் கலக்கிய பெயிண்ட். அந்த அட்டை வெளிநாட்டிலிருந்து வந்தது, நம் கழகத்துக்கு அதுதான் வேதம். எல்லாரும் தயவுசெய்து திரும்பி, இடமிருந்து வலமாக ஒரு முறை பாருங்கள்.

என்ன சத்தம் அங்கே? சத்தமாகச் சொல்லுங்கள்! ஆமாம் தாயே, முதல் விமானம் நீலச் சாம்பல். ஐந்தாவது அழுக்குச் சாம்பல். பதினொன்றாவது? ஆ, அதேதான்! தே தாரிக்கில் பால் கொஞ்சம் கூடிப்போன நிறம்!

எப்படி நடந்தது இந்த அதிசயம்? பன்னிரண்டு ஆண்டுகளாக ஐயா அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறை போட்டு எங்கே மாட்டி வைத்திருக்கிறார் தெரியுமா? அலமாரியில் வைத்தால் கரப்பான் அரிக்கும், வரவேற்பறையில் மாட்டினால் வெயில் அடிக்கும் என்று, சாமி மேடையில்! குலதெய்வத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில்! வெள்ளி தவறாமல் சாம்பிராணி. உலகத்தில் எந்த நாட்டுக்காரன் போர் விமான வண்ண அட்டைக்குத் தூபம் காட்டுவான்? நம்மவர் காட்டினார். தினமும் பார்க்கிற முகம் மூப்படைவது நமக்குத் தெரிவதில்லை. உறைமேல் புகை படிந்து அட்டை ஆண்டுதோறும் பழுத்தது, ஐயாவுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துக் கலக்கிய எனக்கும் தெரியவில்லை. பாதிப் பழி என்னுடையது.

போன செவ்வாய்க்கிழமை அடுத்த டின்னுக்காக ஐயா அட்டையைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். என் கை பட்ட இடத்தில் உறைமேல் விரல் அடையாளம் விழுந்தது. அப்போதுதான் பிடிபட்டது. ஐயாவிடம் தனியாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சம்பால் சட்டிக்குப் பக்கத்தில் அந்த விமானத்தைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. மன்னியுங்கள் ஐயா. இதோ என் கைப்பையில் உங்கள் அட்டை. இதோ சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த வெள்ளைக் கைக்குட்டை. ஒரே இழுப்பு!

அட்டையைப் பாருங்கள், உள்ளே நீலம் சிரிக்கிறது. கைக்குட்டையைப் பாருங்கள், லியோனலின் கடல் ஒட்டியிருக்கிறது!

கைதட்டாதீர்கள். இது கேலிக்காகச் செய்ததல்ல. ஐயா, பதினோரு ஆண்டுகள் எந்த விமானமும் பறக்காத ஒரு நிறத்தில் நீங்கள் ஒரு கடற்படையையே பறக்கவிட்டிருக்கிறீர்கள். உலகத்தில் எந்தப் படைக்கும் இல்லாத நிறம், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி நிறம், மலாக்காக்காரனால் மட்டுமே கண்டுபிடிக்க முடிந்த நிறம். நீங்கள் அறியாமல் செய்ததை லியோனல் அறிந்து செய்தார். இருவருக்கும் இடையில் வேறென்ன வித்தியாசம்? உங்கள் நிறத்து விமானம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கலாம், அவருடைய விமானம் சமையல் கட்டில் இருக்க வேண்டுமா? அறம் அறிந்த அவையே, நீங்கள் சொல்லுங்கள்! இருக்க வேண்டுமா?

ஐயா எழுந்துவிட்டார்கள். ஐயா, கோபமா? உட்காருங்கள், நான் வேண்டுமானால்... ஐயா வாசல் பக்கம் போகவில்லையே. சமையல் கட்டுப் பக்கம் அல்லவா போகிறார்! பவானேஸ்வரி அக்கா, வழி விடுங்கள், வழி விடுங்கள்!

அன்பர்களே, பின்வரிசைக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். ஐயா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறார். மேசையின் நடுவிலிருந்த தன் விமானத்தை ஓரமாக நகர்த்துகிறார். இதை வைக்கிறார். மோனிக்கா அம்மா, முன்னால் வாருங்கள், நியாலாஸ் உறவுகள் எல்லாரும் வாருங்கள். ஐயா ஏதோ சொல்ல வருகிறார் போலிருக்கிறது. ஒலிவாங்கியைக் கொஞ்சம் தாழ்த்துகிறேன், கேளுங்கள்.

"லியோனல், இங்க வா. இடது இறக்கையில இந்தப் பச்சைப் பட்டை அரை மில்லிமீட்டர் விலகியிருக்கு. டேப்பைச் சரியா அழுத்தல நீ. ஒரு மார்க் குறைப்பேன்."

கேட்டீர்களா? பூதக் கண்ணாடி வெளியே வந்துவிட்டது! பன்னிரண்டு ஆண்டுகளில் போட்டிக்கு வெளியே நின்ற விமானம் எதிலும் ஐயா குறை கண்டதே இல்லை. லியோனல், ஏனப்பா கண்ணைத் துடைக்கிறாய்? ஒரு மார்க் போனதற்கா?

குறை சொன்ன ஐயாவுக்கும், குறை வாங்கிய தம்பிக்கும், பொறுத்திருந்த உங்கள் வயிறுகளுக்கும் நன்றி கூறி, நிறைந்த மனத்தோடு கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!