அண்ணியின் கிண்ணத்தில் நாரத்தை

எலுமிச்சம்பழத்தை அறுப்பதற்கு முன் பலகையில் வைத்து உள்ளங்கையால் நன்றாக உருட்ட வேண்டும். அப்போதுதான் சாறு தாராளமாக இறங்கும். எங்கள் முட்டை சூப்பை எப்படிச் செய்வதென்று கேட்டீர்கள், அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன். அவசரமில்லை என்றால் உட்காருங்கள்.

கடை என் அண்ணன் இசிடோரோஸ் பெயரில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஹியோஸ் தீவின் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் மார்க்கெல்லா கடை என்றுதான் சொல்வார்கள். மார்க்கெல்லா என் அண்ணி. ஒரு வாய் சூப் குடித்துவிட்டு, எலுமிச்சை எந்தத் தோட்டத்துப் பழம் என்று சொல்லிவிடுவாள். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவே மாட்டேன். பத்தொன்பது வருஷமாக நான் ஆக்கிய ஒவ்வொரு பானையிலும் அவள் கரண்டி விழுந்தது. "ஏன் ஆர்கிரோ, இது குடிக்கவா, துணி துவைக்கவா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கோழிச் சாற்றில் அரிசி குழைய வெந்ததும், முட்டையையும் எலுமிச்சைச் சாற்றையும் அடித்து ஊற்றுவோம். அடிப்பது என் வேலை. பானையில் ஊற்றும் முன் அண்ணிக்கு ஒரு கிண்ணத்தில் மட்டும் கலந்து கொடுக்க வேண்டும். அவள் தலையாட்டினால்தான் மிச்சம் பானைக்குப் போகும். போன பிப்ரவரியில் ஒரு நாள் கிண்ணத்துக்கு அரைப் பழம் குறைந்தது. பின்சுவரோரம் நாரத்தை காய்த்துத் தொங்கியது. சர்க்கரைப் பாகில் போடுவதைத் தவிர அதை யாரும் சீந்துவதில்லை. ஒன்றைப் பறித்துக் கிண்ணத்துக்குப் பிழிந்தேன். சத்தியமாக அன்றைக்குச் சோம்பல்தான் காரணம்.

"கசக்குதேடி," என்றாள்.

"கசக்குதா? எனக்கு ஒண்ணும் தெரியலையே, அண்ணி."

பானைக்கென்று தனியாக அடித்து வைத்திருந்தது நல்ல எலுமிச்சை, அதையே ஊற்றினேன். கடையில் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அண்ணி பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தாள். அதில் கசப்பில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத்தான் வாய் சரியில்லையோ?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம். பத்தொன்பது வருஷத்தில் கேலியில்லாத முதல் கேள்வி. எனக்கு உள்ளே குபுகுபுவென்று சிரிப்பு பொங்கியது. அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே ஆடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே செய்தேன். பிறகு வெள்ளிக்கிழமை. தினமும் செய்தால் கண்டுபிடித்துவிடுவாள், நான் என்ன முட்டாளா. மூன்று நாள் எலுமிச்சை, ஒரு நாள் நாரத்தை. சில சமயம் ஒரு வாரம் முழுக்க ஒன்றும் செய்யமாட்டேன். குணமாகிவிட்டது என்று அவள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போவாள். திரும்பி வந்ததும் கிண்ணத்தை நீட்டுவேன். பழக்காலம் முடிவதற்குள் சாறு பிழிந்து ஃப்ரீசரில் பத்திரப்படுத்திக்கொண்டேன். நான் எதையும் திட்டமாகச் செய்கிறவள்.

அண்ணி தேய்ந்துபோனாள். உப்பைக்கூட நம்பவில்லை. ரொட்டியை மோந்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவாள். "சூப்பு தேனாட்டம் இருக்குடி, சும்மா அழுதுக்கிட்டு கெடக்காத," என்று அண்ணன் அதட்டுவான். டாக்டர் அவள் மூக்கெலும்பு கொஞ்சம் வளைந்திருக்கிறது என்றார். யாருக்குத்தான் வளையவில்லை. ஏதென்ஸில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்லேன்னா கடைய எப்பவோ மூடியிருப்போம், ஆர்கிரோ. ஒன்ன எவ்வளவோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கைப்பையைத் திறந்து தன் கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். கரண்டியை வாங்கிக்கொண்டு எதைப் பேசுவது. மூக்கை அறுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினாள். தெருவே கடையில் கூடிவிட்டது. அண்ணன் எல்லோருக்கும் ஊசோ சாராயம் ஊற்றினான். அண்ணி தலைசீவி, காதில் தோடு போட்டுக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் முதல் வாய்க்காகக் காத்து நின்றாள். என் முன்னால் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. எலுமிச்சையைக் கொடுத்தால் போதும். அவளுக்குக் குணம், டாக்டருக்குப் பெயர், எனக்கும் வம்பில்லை. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்துவிட்டுத்தான் மற்றதை எடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "நீயே பாத்துக்கடி," என்று மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சமையலறைக்கு வருவதில்லை. அடுப்புச் சூடு அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் எப்போதுமே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் குடிக்கும் சூப் என்னுடையது, கரண்டியும் என்னுடையது. போன வாரம் யாரோ இதை ஆர்கிரோ கடை என்றார்கள், என் காதாலேயே கேட்டேன். மத்தியானத்தில் மாடிக்கு நானே சூப் எடுத்துப் போகிறேன். அவளுக்கென்று தனியாகக் கலந்துதான். ஊருக்கெல்லாம் ஊற்றுவதையே அவளுக்கும் கொடுக்க எனக்கு மனசு வருமா?