இரண்டாம் எண்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள், வெளிச்சத்தில் கண் கூசுகிறது.

என் சிநேகிதனுடைய மச்சானுக்கு நடந்தது இது. நேரம், உச்சி வெயில். சிரிக்காதே! பேய்க்கு ராத்திரி ஷிப்டு மட்டும்தான் என்று உனக்கு யார் சொன்னது? நீரேற்று நிலையத்துக்குப் போகிற தனிச் சாலை. ஈ காக்கை இல்லை. பைக்கில் அவர் மட்டும்.

மோட்டார்களுக்கு மோடம் பொருத்துவது அவர் வேலை. சிம் கார்டு போட்ட சின்னப் பெட்டி அது. எங்கிருந்தாவது 'ஓடு' என்று மெசேஜ் அனுப்பினால் மோட்டார் ஓடும். 'நில்' என்றால் நிற்கும். ஆனால் கண்டவன் சொன்னால் கேட்காது, உள்ளே பதிந்த மூன்று எண்களுக்குத்தான் கட்டுப்படும். முதல் எண் மச்சான். இரண்டாவது அவர் கூட்டாளி நெட்டை. மூன்றாவது ஆபீஸ். யார் உத்தரவு போட்டாலும் மூன்று போனுக்கும் பதில் வந்துவிடும்.

கூட்டாளிகள் இருவருக்கும் ஒரு பழக்கம். ஒருவர் தண்ணீர்க் குழிக்குள் இறங்கினால், மற்றவர் எங்கே இருந்தாலும் போனும் கையுமாகக் காவல்; யாராவது 'ஓடு' அனுப்பினால் உடனே 'நில்' அனுப்பிவிடுவார். இறங்கியவர் மேலே வந்து 'ஏறியாச்சு' என்று மெசேஜ் அனுப்பும்வரை மோட்டார் ஓடக்கூடாது.

போன மாதம் நெட்டை இறங்கியிருந்தார். ஆபீஸில் யாரோ அவசரத்தில் 'ஓடு' அனுப்பிவிட்டார்கள். தண்ணீரை உறிஞ்சும் குழாய் காலைக் கவ்வி இழுத்தது... காவல் இருக்க வேண்டிய மச்சான், காய்ச்சலில் தூங்கிப்போயிருந்தார். உடலை எடுத்தார்கள். சட்டைப்பையில் இருந்த போன் மட்டும் கிடைக்கவே இல்லை.

செத்தவர் எண்ணை மோடத்திலிருந்து அழிக்கச் சொன்னது ஆபீஸ். மச்சானுக்கு மனசு வரவில்லை.

இப்போது அதே குழியில் சேறு வார வந்திருக்கிறார். மெயின் சுவிட்சு பொசுங்கி ஒட்டிக் கிடந்தது, கரண்டை அணைக்க முடியாது. மோடத்தை நம்புவதைத் தவிர வழியில்லை. ஆபீஸுக்குப் போன் செய்தார்.

"நான் மேல வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க சார்."

"சரி சரி, நீ இறங்குப்பா."

'நில்' அனுப்பினார். போனை மேலேயே பைக்குள் வைத்துவிட்டு இரும்பு ஏணியில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். துருவும் பாசியும் கலந்த வாடை.

'டக்.'

மேலே பெட்டியில்தான் சத்தம். ம்ம்ம்ம்... மோட்டார்! தண்ணீர் சுழன்றது. கால் வழுக்கிக் குழாய்ப் பக்கம் போனது. "ஐயோ, நிறுத்துங்க!" யாருக்குக் கேட்கும்?

'டக்.' நின்றது.

ஏணியைப் பிடிப்பதற்குள் மறுபடி 'டக்'... ஓடியது. உடனே 'டக்'... நின்றது. மேலே இரண்டு பேர் ஒரே சாவிக்குச் சண்டை போடுகிற மாதிரி.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். போனை எடுத்தார். மோடம் வரிசையாகப் பதில் அனுப்பியிருந்தது.

'ஓடுகிறது. உத்தரவு: எண் மூன்று.'

'நின்றது. உத்தரவு: எண் இரண்டு.'

மறுபடி மூன்று. மறுபடி இரண்டு.

மச்சான் அழுதுவிட்டார். பழைய பழக்கத்தில், நெட்டையின் எண்ணுக்கே அனுப்பினார்: 'ஏறியாச்சு மாப்ள.'

அதற்குப் பிறகும் மோட்டார் தொடர்ந்து ஓடவில்லை. ஆபீஸில் ஷிப்டு மாறி வந்த யாரோ, விஷயம் தெரியாமல் 'ஓடு' அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எண் இரண்டு நிறுத்தியது. ஏன்? அவர்தான் மேலே வந்துவிட்டாரே...

போன் அதிர்ந்தது.

'நீ ஏறிட்ட. நான் இன்னும் ஏறலையே.'

எட்டிப் பார்த்தார். குழிக்குள் ஆள் இல்லை. வேறு யாராக இருந்தாலும் பின்னங்கால் பிடரியில் பட ஓடியிருப்பார்கள். இவர் ஓடவில்லை. அன்றைக்குத் தூங்கிப்போனது நெஞ்சை அறுத்தது. குனிந்து சொன்னார்.

"வாடா மாப்ள... இந்தத் தடவ நான் முழிச்சிருக்கேன்."

ஏணியின் அடிப்படி கிறீச்சிட்டது. அடுத்த படி... அதற்கடுத்தது... சேற்று வாடை அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

போன் அதிர்ந்தது. 'ஏறியாச்சு.'

'டக்.' மோட்டார் ஓட ஆரம்பித்தது. மோடத்தின் பதிலும் வந்தது.

'ஓடுகிறது. உத்தரவு: எண் இரண்டு.'