ஆப்ரிகாட் பருப்பு

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை, இன்ஸ்பெக்டர் சார். உங்கள் அறையில் பினாயில் வாடை அதிகம். பரவாயில்லை, இருக்கட்டும்.

சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கம் மூடும்வரை பதினெட்டு வருஷம் சயனைடு தொட்டியில் வேலை பார்த்தவன் நான். அரைத்த கல்லைக் கரைசலில் போட்டால் சயனைடு தங்கத்தை மட்டும் கரைத்தெடுக்கும், கல்லைத் தொடாது. அதனால்தான் போனில் வந்த வீடியோ எனக்குச் சட்டென்று பிடிபட்டது. புற்று செல் சர்க்கரையைத் தின்று கொழுக்கிறதாம். ஆப்ரிகாட் பழக் கொட்டையின் பருப்பிலுள்ள சத்தை அது உடைத்தால் சயனைடு வந்து அந்தச் செல்லை மட்டும் கொல்லுமாம். நல்ல செல்லைத் தொடாதாம்.

என் மனைவி லூயிசாவுக்கு மார்பில் புற்று. பெங்களூரில் நாலு கீமோ ஊசி போட்டிருந்தார்கள். ஊசிக்கு ஊசி வாந்தி. கட்டில், போர்வை, என் சட்டை, எல்லாவற்றிலும் புளித்த வாடை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே அருவருப்பாக இருந்தது. ஐந்தாவது ஊசிக்கு அழைத்துப் போகவில்லை. டாக்டரே நிறுத்தச் சொன்னதாக மகள் ஆனியிடம் சொன்னேன்.

பருப்பைப் பொடித்துக் கொடுத்தேன். சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைத்தேன்.

"இன்னாங்க, தலை சுத்துது. இது வாணாங்க. ஒரு வாய் டீ குடுங்க, சக்கரை போட்டு."

"சக்கரை உனக்குப் போவாது, கட்டிக்குத்தான் போவும். முழுங்கு."

வாந்தி எடுத்தாலும் வீணாக விடவில்லை. ஒருமுறை கரைத்த மண்ணிலும் தங்கம் மிச்சமிருக்கும் என்று மறுபடி தொட்டியில் போடுவோம். அதே மாதிரி கிண்ணத்தில் பிடித்து, துணியில் வடிகட்டி, திரும்ப ஊட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். என் மூக்கை.

பத்தாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு இரைத்தது. வாயில் கசப்பு வாதுமை வாடை. தொட்டியருகே அந்த வாடை வந்தால் ஓடு என்பதுதான் எங்களுக்கு வேலையில் சொன்ன முதல் பாடம். மருந்து கட்டியை எட்டிவிட்டது என்று இன்னொரு கரண்டி கொடுத்தேன். மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டாள்.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் ஸ்கேன் கவர் எங்கள் வீட்டில்தான் கிடந்தது. அவள் வாந்தி பட்டிருந்ததால் தொடப் பிடிக்காமல் பிரிக்கவில்லை. கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது என்கிறீர்கள். பருப்பு வேலை செய்ததற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? நாலாவது ஊசி முடிந்ததும் எடுத்த ஸ்கேன், நான் பருப்பு வாங்குவதற்கு ஒரு வாரம் முந்தியது என்றும் சொல்கிறீர்கள்.

தேதியைத் தப்பாகப் போட்டிருப்பார்கள், சார்.