சவுக்குக் கரி

போர்பனுக்கும் டென்னசி விஸ்கிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள், சார். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காமல் பேச எனக்குக் கூச்சம்.

இரண்டும் அமெரிக்கச் சரக்குதான். இரண்டிலும் பாதிக்கு மேல் மக்காச்சோளம். இரண்டும் உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊறும். டென்னசியில் ஒரு வேலை கூடுதல். பீப்பாயில் ஊற்றும் முன், காய்ச்சிய ஸ்பிரிட்டை மேப்பிள் மரக் கரி நிரப்பிய தொட்டியில் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். காரத்தையும் வாடையையும் கரி பிடித்துக்கொள்ளும்.

அதுபோல ஒன்றைப் புதுச்சேரியில் செய்யவேண்டும் என்று எங்கள் சாராயக் கம்பெனி முதலாளி செம்மல் சாருக்கு ஆசை. மேப்பிளுக்கு இங்கே எங்கே போவது? சவுக்குக் கரி போடலாம் என்றது நான்தான். வேதியியல் படித்துவிட்டு அங்கே லேபில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுவரை என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அன்று எல்லோரையும் கூப்பிட்டு என்னை முன்னால் நிறுத்தினார்.

"கரி என்னா பண்ணும்னு இவங்களுக்குச் சொல்லும்மா."

"கெட்டது எல்லாத்தையும் இழுத்துக்கும்" என்றேன்.

கைதட்டினார்கள். அன்றிலிருந்து நான் லேப் அம்மா, அவர்கள் வாயில் லேபம்மா. கவிநிலா என்ற பெயரே அங்கே மறந்துபோயிற்று. பஞ்சு மில் மூடிய பிறகு எங்களிடம் வேலைக்கு வந்த கோவிந்தசாமி அண்ணன், என் அப்பா வயது, என்னைக் கண்டால் பீடியை மறைப்பார்.

ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் புது ஆள் ஒருவரிடமிருந்து மலிவாக ஸ்பிரிட் வந்தது. சோதித்தேன். மெத்தனால் இருந்தது, கொல்லும் அளவுக்கு. அது கரியில் நிற்காது, சார். குடிக்கிற சாராயம் போகும் வழியிலேயே அதுவும் போய்விடும். வாடை மட்டும் கரியில் தங்கும். அதனால் முன்னைவிட நன்றாகவே மணக்கும்.

அதைச் சொல்லத்தான் செம்மல் சாரின் அறைக்குப் போனேன். அங்கே அவருடைய நண்பர் ஒருவர் இருந்தார்.

"இன்னாம்மா, புதுச் சரக்கு வாடை அடிக்குதா? அடிக்கட்டும். நம்ம கரி இழுத்துக்காதா? நீ சொன்னதுதான?" என்றார் சார். பிறகு நண்பரிடம் என்னைக் காட்டி, "நம்ம சயின்டிஸ்ட்டு" என்றார்.

நான் சொன்னது தப்பு என்று அங்கே வைத்து எப்படிச் சொல்வது? நாளை சொல்லலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் அவர் எதுவும் கேட்கவில்லை.

பூஜையன்று, அந்த ஸ்பிரிட் ஊற்றிய கரித் தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். அன்று முதலில் இறங்குவதில் ஒரு டம்ளரைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிரசாதம் மாதிரி எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

"கரி லேபம்மாவோடது. அவங்க கையாலயே குடுக்கட்டும்" என்றார் சார்.

பொரிகடலைத் தட்டின் பக்கத்தில் நின்று கொடுத்தேன். எல்லா டம்ளரிலும் ஒரே அளவு. அளவில் நான் பிசகமாட்டேன். நான் குடிக்கவில்லை. பெண் என்பதால் யாரும் வற்புறுத்தவில்லை.

விடிந்ததும், கண்முன்னால் பனி மூடியதுபோல் இருக்கிறது என்று ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்ன குடித்தீர்கள் என்று கேட்டதற்கு, விஸ்கி என்றார்களாம். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் வீட்டில்தான் இருந்தேன். போனும் பக்கத்தில்தான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

செம்மல் சாருக்கு உயிர் இருக்கிறது, பார்வை இல்லை. மற்றவர்கள் யாரும் பிழைக்கவில்லை. கோவிந்தசாமி அண்ணனைக் கருவடிக்குப்பம் சுடுகாட்டில் எரித்தார்கள். போகலாம் என்றுதான் இருந்தேன். பெண்கள் அங்கே போவதில்லை.

யாராவது ஒருவர் நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சார்.

கோவிந்தசாமி அண்ணன் மட்டும் கேட்டார். விளையாட்டாகத்தான். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கண்ணு கிண்ணு போயிடாதே, லேபம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

போகாது என்று தலையை அசைத்தேன். வாய் திறந்து நான் எதுவும் சொல்லவில்லை.